வெளுத்ததெல்லாம்

காலி வீதியில், குளிரூட்டிய கடையின் நாலாவது வரிசையில்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
பெட்டியை மூக்கோடு ஒட்டிப் பிடித்து வாசிக்கிறேன்.
வங்கியில் பதினோரு வருசம்
மற்றவர்களின் கையெழுத்தை இப்படித்தான் பார்த்தேன்.
பட்டியலில் சீனி மேலே இருந்தால் திரும்ப வைத்துவிடு
என்று கௌசிகா சொல்லி அனுப்பியிருக்கிறாள்.
இதில் இரண்டாவது.
திரும்ப வைக்கிறேன்.

முதல் பிறந்தநாளுக்கு ஒரு கரண்டி தயிர்,
அவ்வளவுதான் கொடுத்தோம்.
உதடு தடித்து, கழுத்துச் சிவந்து,
அழக்கூட முடியாமல் நிதுர்ஷன் எங்களைப் பார்த்தான்.
வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு, மழைக்குள்,
ஓட்டோக்காரர் மீட்டர் போட மறந்துபோனார்.
நானும் கேட்க மறந்துபோனேன்.

அன்றிலிருந்து பதினான்கு மாதம்
அவளும் பால் தொடவில்லை.
அவள் குடித்தால் அவனுக்குப் போகும்.
கந்தோரில் தேத்தண்ணி கொண்டுவருகிற சுமனாவதி
'நோனாவுக்குப் பிளேன்டீ' என்று
கேளாமலே வைத்துவிட்டுப் போவாள்.
இப்போது பால்மறக்கடித்து இரண்டு கிழமை.
இனி அந்தக் கோப்பைக்கு என்ன ஊற்றுவது?

எங்கள் மொழி இந்த விசயத்தில் கை கொடுக்காது.
தேங்காயைப் பிழிந்தாலும் பால்,
இறப்பர் மரத்தைக் கீறினாலும் பால்.
எருக்கலை முறித்தால் வருவது பால்.
கள்ளியில் வடிவதும் பால்தான், அதைப்பற்றிக் கதைக்கவேண்டாம்.
வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவனை
ஊர் சிரித்தே வைத்திருக்கிறது.
வெளுத்த பெட்டிகளின் நடுவே
நிற்கிறேன் நான்.

டொக்டர் ரணவீர துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார்.
தேங்காய்ப்பால் கறிக்கு நல்லது, கோப்பைக்குப் போதாது,
புரதம் இல்லை.
அரிசிப்பால் ஐந்து வயது வரை வேண்டாம்.
பாதாம், சும்மா விலைதான்.
சோயா பார்க்கலாம், ஆனால் முதலில் ஒரு மிடறு,
பிறகு காத்திருங்கள்.
கல்சியம் சேர்த்ததா என்று பாருங்கள்.
நெத்தலியும் முருங்கை இலையும் மறக்கவேண்டாம்.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்:
பயப்படவும் வேண்டாம்.
அதை எந்தக் கடையில் வாங்குவது என்று எழுதவில்லை.

ஓட்ஸ் பெட்டி ஆயிரத்து நானூற்றைம்பது.
எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
பக்கத்தில் நின்ற பெண் தன் கூடைக்குள்
இரண்டு பால்மா பைக்கற்றை
விலையைக்கூடப் பாராமல் போட்டாள்.
அவள்மேல் எனக்கு ஏன் கோபம் வந்தது?
பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

சோயாவோடு வீடு வந்தேன். சீனி இல்லாதது.
முதல் மிடறை எனது சேட்டில் துப்பினான்.
இரண்டாவதைத் தரையில்.
மணிக்கூட்டைப் பார்த்தோம். உதட்டைப் பார்த்தோம்.
ஒன்றும் வரவில்லை.
அடுத்த நாளும் ஒன்றும் வரவில்லை,
ஒன்றும் உள்ளே போகவும் இல்லை.

மூன்றாம் நாள்தான் பெட்டியின் ஓரத்து வரியைக் கண்டேன்:
கல்சியம் அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்கவும்.
மூடியை இறுக்கி அவன் கையில் கொடுத்தேன்.
குலுக்கினான். தலையும் குலுங்கியது, வயிறும் குலுங்கியது.
சோபாவில் ஏறிக் குலுக்கினான்.
கீழ்வீட்டு ஃபரீனா கதவைத் தட்டி
'என்ன, வீடு இடிக்கிறீங்களா' என்று கேட்கிற மட்டும் குலுக்கினான்.
தான் குலுக்கினது என்பதால்
அரைக் கோப்பை குடித்தான்.
மேலுதட்டில் வெள்ளை மீசை.
அதற்கு அவன் வைத்த பேர் பால் இல்லை.
'குலுகுலு.'

அன்றிரவு குசினியில் தண்ணீர்க்குழாய்
நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு குவளை பால்தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்தபடி
சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள் கௌசிகா.
நான் விளக்கைப் போடவில்லை.
குடித்து முடித்தாள்.
குவளையைக் கழுவினாள்,
வாயைக் கழுவினாள்,
இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.
பிறகு போய்
அவனுக்குப் பக்கத்தில் படுத்தாள்.